உச்சத்துக்குப் பின் வந்த ஆண்டுகளையும் எண்ணுங்கள்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம்.

பெட் ஷாப் பாய்ஸ் என்ற பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இணைந்து பாடல்கள் உருவாக்கிவரும் பிரிட்டனின் பாப் இரட்டையர் நீல் டென்னன்ட், கிறிஸ் லோ ஆகிய இருவரையும் சிறந்த இசைக் கலைஞர்களைப் போற்றும் உங்கள் அமெரிக்க அவையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு கலைஞரின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்திருந்தால் அவரைப் பரிசீலிக்கலாம் என்பது உங்கள் விதி. இவர்களுடைய முதல் தனிப்பாடல் (சிங்கிள்) 1984இல் வெளியானது. அப்படியானால், தகுதி பெற்றபின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவர்கள் உங்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தக் கோரிக்கையை இதற்கு முன்பும் பலர் எழுப்பியிருக்கிறார்கள். நான் படித்தவரை, அவர்களில் பெரும்பாலோர் 1986 முதல் 1988 வரையிலான வெற்றிப் பாடல்களைப் பட்டியலிட்டு, அவற்றின் பேரில்தான் நியாயம் கேட்கிறார்கள். நான் அந்த மூன்று ஆண்டுகளை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிடச் சொல்கிறேன். விற்பனை உச்சம் முடிந்தபின் இந்த இருவரும் செய்தவற்றை மட்டுமே தராசில் வைத்துப் பாருங்கள். அவையே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவர்களைப் பற்றிய உங்கள் நாட்டுக் கணக்கு மிகச் சுருக்கமானது என்பதை நான் அறிவேன். 1986 மே மாதத்தில் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மேலும் நான்கு பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. 1988இன் பிற்பகுதியில் வெளியான ‘டாமினோ டான்சிங்’ 18ஆம் இடத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு இவர்களின் பாடல் ஒன்றுகூட அங்கே முதல் நாற்பதுக்குள் வரவில்லை. நடனக் கூடங்களுக்கென்று தனியாகத் தொகுக்கப்படும் பட்டியலில் மட்டும் இவர்கள் அடுத்தடுத்த பத்தாண்டுகளிலும் முதலிடங்களைப் பிடித்துக்கொண்டேயிருந்தார்கள். ‘டாமினோ டான்சிங்’ காணொளியில் சட்டையில்லாத இளைஞர்கள் இருவர் கடலோரத்தில் கட்டிப் புரளும் காட்சி ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பெருவாரியான நேயர்களிடமிருந்து இவர்கள் விலகிப்போக அதுவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எய்ட்ஸ் பற்றிய அச்சமும் வெறுப்பும் நாடு முழுவதும் பரவியிருந்த காலத்தில் அப்படி ஒரு காட்சி எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். அமெரிக்கக் கோப்பில் இவர்களின் கதை மூன்றே ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் எவருக்கும், எண்பதுகளில் வந்துபோன பல குழுக்களில் இதுவும் ஒன்று என்ற எண்ணமே தோன்றும்.

பிரிட்டனில் கதை வேறு விதமாகப் போனது. அங்கே இவர்களுக்கு நான்கு முதலிடப் பாடல்கள் உண்டு. நான்கும் 1986க்கும் 1988க்கும் இடையே வந்தவை. அந்த வேகம் தணிந்த தருணத்தை மற்ற எல்லோருக்கும் முன்பாக அடையாளம் கண்டவர் டென்னன்ட்தான். ‘டாமினோ டான்சிங்’ பிரிட்டனில் 7ஆம் இடத்தோடு நின்றபோதே, தங்கள் ‘பேரரசுக் காலம்’ முடிந்தது என்று அவர் உணர்ந்துகொண்டார். ஒரு பாப் கலைஞர் எதைத் தொட்டாலும் துலங்கும், எதைச் செய்தாலும் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்ற அந்தக் குறுகிய பருவத்துக்கு அவர் வைத்த பெயர் அது. இன்று இசை பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லை எடுத்தாள்கிறார்கள். டென்னன்ட் பாடகராவதற்கு முன் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் இதழில் துணை ஆசிரியராக இருந்தவர். ஒருவரை எப்படி அட்டைப்படத்தில் ஏற்றுகிறார்கள், எப்படி ஒரே ஆண்டில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறார்கள் என்பதையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர். ஆகவே உச்சம் முடிந்ததைக் கண்டு அவர் பதறவில்லை. தங்கள் பழைய வெற்றியை மறுபடி வார்த்தெடுக்கும் முயற்சியில் அந்த இருவரும் இறங்கவும் இல்லை. அடுத்ததாக அவர்கள் செய்தது, தங்கள் வாழ்நாளின் ஆகச் சிறந்த இசைத்தொகுப்பைப் பதிவுசெய்ததுதான்.

1990இல் வெளிவந்த ‘பிஹேவியர்’ தொகுப்பைச் சொல்கிறேன். நான் இவர்களை முதன்முதலாகக் கேட்டதே அந்தத் தொகுப்பின் வழியாகத்தான். முந்தைய வெற்றிகள் எதையும் அறியாமலே அதற்குள் நுழைந்தேன். அதனால்தானோ என்னவோ, உச்சம், சரிவு என்ற அளவுகோல் இவர்கள் விஷயத்தில் எனக்கு எப்போதும் பொருந்தாததாகவே பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மையருடன் சேர்ந்து மியூனிக்கில் பதிவுசெய்யப்பட்ட அந்தத் தொகுப்பில், டிஜிட்டல் கருவிகள் கோலோச்சிய நேரத்தில், சின்தசைசர்கள் எனப்படும் மின்னணு இசைக்கருவிகளின் பழைய அனலாக் வகைகளைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தினார்கள். ஓசை மென்மையாகி, ஓரங்கள் கரைந்து, பாடல்களுக்கு இடையில் மூச்சு விட இடம் கிடைத்தது. அதன் முதல் பாடலான ‘பீயிங் போரிங்’ பற்றி உங்களிடம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டென்னன்ட் நியூகாசிலில் பதின்ம வயதில் பழகிய நண்பர் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்த பாடல் அது. மூன்று பத்திகள், மூன்று காலங்கள். முதல் பத்தியில் ஒருவர் பழைய புகைப்படங்களையும் இளம் வயது விருந்துகளின் அழைப்பிதழ்களையும் எடுத்துப் பார்க்கிறார். அழைப்பிதழ் ஒன்றில், 1920களில் வாழ்ந்த புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவருடைய மனைவியின் வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது பத்தியில், 1970களில், முதுகுப் பையோடும் மனத்தில் கொஞ்சம் கலக்கத்தோடும் ஓர் இளைஞர் ரயில் நிலையத்திலிருந்து ஊரைவிட்டுக் கிளம்புகிறார். மூன்றாவது பத்தி 1990களில் நடக்கிறது. வாடகை அறைகள், அயல் நாடுகள், புதிய முகங்கள். அன்று உடனிருந்தவர்களில் சிலர் இன்று இல்லை. எவர் இறந்தார், எப்படி இறந்தார் என்று பாடல் ஓரிடத்திலும் சொல்வதில்லை. நோயின் பெயரும் இல்லை. மரணம் என்ற சொல்லே இல்லை. நீயும் இங்கே இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் கடைசியில் வருகிறது, அதுவும் குரலை உயர்த்தாமல். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவில் விழும் இடைவெளியில் ஒரு தலைமுறை மறைந்துபோயிருப்பதைக் கேட்பவர் தாமாகத்தான் கண்டுகொள்ள வேண்டும். முதல்முறை கேட்டபோது இதை இளமை நினைவைப் பற்றிய இனிய பாடல் என்றே எடுத்துக்கொண்டேன். அதன் பொருள் விளங்கிய நாளில் அந்த இனிமையை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பாடல் பிரிட்டனில் 20ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதுவரை இவர்கள் கண்டிராத சறுக்கல் என்று அப்போது அது பேசப்பட்டது. அன்றைய விற்பனைக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்த இருவரின் பாடல்களில் எது தலையாயது என்று இன்று அவர்களின் நேயர்களைக் கேட்டுப் பாருங்கள்; முதலிடம் பிடித்த நான்கு பாடல்களையும் விட்டுவிட்டு, இந்த 20ஆம் இடத்துப் பாடலைச் சொல்பவர்களே மிகுதி. 1991இல் இவர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ஆக்சல் ரோஸ் நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, இந்தப் பாடலைப் பாடாமல் விட்டீர்களே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அந்தக் குழுவை 2012இல் உங்கள் அவை சேர்த்துக்கொண்டது. கிதார் இசைக்கும் சின்தசைசர் இசைக்கும் நடுவே உங்கள் நாட்டு வானொலிகள் எழுப்பிய சுவரைக் கலைஞர்கள் ஒருபோதும் பெரிதாக எண்ணியதில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உச்சம் முடிந்த ஒரு கலைஞரை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் இந்த இருவரும் செய்து காட்டியிருக்கிறார்கள். அது அவர்களே உச்சத்தில் இருந்த காலம். பிரிட்டனின் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பெயர் அறுபதுகளில் ஒலித்ததைப் போல எண்பதுகளின் நடுவில் ஒலிக்கவில்லை. தொழில்துறை அவரைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டிருந்தது. அறிமுகமாகி ஓரிரு ஆண்டுகளே ஆன இந்த இருவரும், தாங்கள் பாடலாசிரியர் ஆலி வில்லிஸுடன் சேர்ந்து எழுதிய ஒரு பாடலுக்கு அவர் குரல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தார்கள். 1987இல் வெளிவந்த அந்தப் பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 2ஆம் இடத்தைப் பிடித்தது. அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1989இல் அவருக்காக மேலும் இரு தனிப்பாடல்களை எழுதித் தயாரித்தார்கள், 1990இல் வெளிவந்த அவரது ‘ரெப்யுடேஷன்’ தொகுப்பின் பெரும் பகுதிக்கும் துணைநின்றார்கள். பழைய புகழைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொள்ளும் நோக்கம் அதில் இல்லை. அந்தக் குரலுக்கு அன்றைய வயதில் என்ன சொல்ல இருந்ததோ அதைச் சொல்லவைத்தார்கள். பாடகி லைசா மினெலியுடன் 1989இல் செய்த தொகுப்பும் அவ்வாறே. பின்னர், 1996இல் டேவிட் போவியின் ‘ஹலோ ஸ்பேஸ்பாய்’ பாடலை மறுவார்ப்பு செய்தபோது, அவருடைய பழைய பாடலில் வந்த விண்வெளி வீரரைப் புதிய வரிகளின் வழியே மீண்டும் அழைத்துவந்து, அவரோடு பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது மேடையிலும் நின்றார்கள். அதே ஆண்டில்தான் போவி உங்கள் அவையில் சேர்க்கப்பட்டார்.

1993ஆம் ஆண்டின் ‘வெரி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புடைத்த புள்ளிகள் பதித்த ஆரஞ்சு நிற நெகிழிப் பெட்டியில் வந்த அந்தத் தொகுப்புதான் பிரிட்டனில் இவர்கள் பெற்ற ஒரே முதலிடத் தொகுப்பு. ‘பேரரசுக் காலம்’ முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்தது அது. அதிலிருந்த ‘கோ வெஸ்ட்’ ஐரோப்பாவின் கால்பந்து அரங்குகளில் ரசிகர்களின் முழக்கமாக மாறி இன்றளவும் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டில் டென்னன்ட் தாம் ஒருபாலீர்ப்பினர் என்பதை ஓர் இதழ் நேர்காணலில் வெளிப்படையாகச் சொன்னார். பாடல்களை உற்றுக் கேட்டவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளை எல்லாமே பொன்னாய்ப் பொழிந்த காலம் என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. கிதாரை முன்னிறுத்திய 2002ஆம் ஆண்டின் ‘ரிலீஸ்’ தொகுப்பில் இரண்டு மூன்று பாடல்களைத் தாண்டி நான் திரும்பப் போவது குறைவு. 2001இல் லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் அரங்கேறிய இவர்களின் இசைநாடகம் சில மாதங்களே ஓடியது. ஆனாலும் ஒவ்வொரு முயற்சியிலும் இவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத இடத்துக்கே போனார்கள். 2004 செப்டம்பர் 12 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 1925ஆம் ஆண்டு மௌனப் படமான ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ திறந்தவெளித் திரையில் ஓட, அதற்காகத் தாங்கள் புதிதாக அமைத்த இசையை டிரெஸ்டன் நகரத்து சிம்பொனி இசைக்குழு ஒன்றுடன் சேர்ந்து வாசித்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்ப்பாட்டங்களும் பேரணிகளும் கூடிய வரலாறு கொண்ட சதுக்கத்தில், ஒரு கலகத்தைப் பற்றிய படத்தை, வழிப்போக்கர்களும் நின்று பார்க்கும்படி காட்டினார்கள். 2011இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதையொன்றை வைத்து சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்காக ஒரு முழுநீள பாலே நாடகத்துக்கு இசையமைத்தார்கள். 2014இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில், ப்ராம்ஸ் இசைவிழாவில், கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் வாழ்வைப் பற்றிய இவர்களின் படைப்பு இசைக்குழுவோடும் கோரஸ் குரல்களோடும் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. ஒருபாலீர்ப்பினர் என்பதற்காக அரசால் தண்டிக்கப்பட்ட டூரிங்குக்கு, இறந்து அறுபது ஆண்டுகளை நெருங்கியபோது, 2013 டிசம்பரில்தான் அரச மன்னிப்பு கிடைத்திருந்தது. பாப் பாடகர்கள் முதுமையில் இசைக்குழுவைச் சேர்த்துக்கொண்டு தங்கள் பழைய பாடல்களையே கனமாக்கிப் பாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இவர்கள் அந்தப் பெரிய அரங்குக்குப் புதிதாக எழுதப்பட்ட படைப்பை எடுத்துச் சென்றார்கள்.

இவர்களின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘எலிசியம்’ வந்தபோது, களைத்துப்போன இசை என்று சிலர் எழுதினார்கள். பிரிட்டனில் அது 9ஆம் இடம் வரைதான் போனது. இவர்களின் ஸ்டுடியோ தொகுப்புகளிலேயே தாழ்ந்த இடம் அதுதான். அந்தத் தொகுப்பில் ‘யுவர் அர்லி ஸ்டஃப்’ என்று ஒரு சிறு பாடல் இருக்கிறது. டாக்சி ஓட்டுநர்களும் முன்பின் தெரியாதவர்களும் டென்னன்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைக் கோத்து எழுதப்பட்டது அது. உங்கள் பழைய பாடல்கள் எனக்குப் பிடிக்கும், இப்போது ஓய்வெடுத்துவிட்டீர்களா என்கிற தொனியில் அன்பாகவே பேசுகிறார்கள் அவர்கள். அந்த அன்புக்குள் இருக்கும் முள்ளை டென்னன்ட் பிடுங்கி எறியவும் இல்லை, திருப்பிக் குத்தவும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி, மெல்லிய குரலில், மெட்டில் வைத்துத் தருகிறார். விற்பனை உச்சத்தைக் கடந்துவிட்ட ஒரு பாடகரின் அன்றாடத்தை இத்தனை கிட்டத்திலிருந்து காட்டிய பாடல் வேறொன்றை நான் கேட்டதில்லை. இருபதுகளில் இருக்கும் எவராலும் இதை எழுதியிருக்க முடியாது. உச்சத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தன் பாடுபொருளாகவே ஆக்கிக்கொண்ட ஒரு கலைஞரை, அந்த வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காமல் எப்படி மதிப்பிடுவது என்பதுதான் உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி.

‘எலிசியம்’ வெளிவந்தபின், 1985 முதல் தங்கள் இசையை வெளியிட்டுவந்த பார்லோஃபோன் நிறுவனத்திலிருந்து இவர்கள் வெளியேறினார்கள். இந்தத் துறையில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதற்குப்பின் வழக்கமாக வாய்ப்பது பழைய பாடல்களின் தொகுப்பும் சிறு ஊர்களின் மேடைகளும்தான். இவர்கள் ‘எக்ஸ் டூ’ என்று சொந்தமாக ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸோடு சேர்ந்து, பத்தே மாதங்களில் ‘எலெக்ட்ரிக்’ தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2013 ஜூலையில் அது வெளியானபோது டென்னன்டுக்கு வயது 59, லோவுக்கு 53. முந்தைய தொகுப்பின் அடக்கமான நடைக்கு நேர்மாறாக, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நடனத்துக்காகவே கட்டப்பட்ட இசை. அது பிரிட்டனில் 3ஆம் இடத்தைப் பிடித்தது. ‘வெரி’ வந்த இருபது ஆண்டுகளில் இவர்கள் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. ‘மறுபிரவேசம்’ என்று அதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அவர்கள் எங்கும் போயிருக்கவில்லை. 1986 முதல் 2024 வரை வெளிவந்த 15 ஸ்டுடியோ தொகுப்புகளும், ஒன்றுகூட விடுபடாமல், பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் வந்திருக்கின்றன. பெருங்கூட்டத்தின் பார்வை விலகிய பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு தொகுப்புக்கும் திரும்பத் திரும்ப வந்து நின்ற நேயர்கள் இருந்தார்கள் என்பதைத்தான் அந்த வரிசை காட்டுகிறது.

மேடையைப் பொறுத்தவரை இவர்கள் நடந்தது எல்லோரும் நடக்கும் திசைக்கு நேரெதிராக. வழக்கமாக ஒரு குழு சிறு மேடைகளில் பழகி, வெற்றிபெற்று, பின்னர் பழைய பாடல்களின் சுற்றுப்பயணத்தில் ஆயுளைக் கழிக்கும். இவர்கள் வெற்றியின் உச்சியில் இருந்தபோது சுற்றுப்பயணமே போகவில்லை. முதல் பயணம் 1989இல்தான் நடந்தது. 1991இல் ஆப்பரா இயக்குநர்களை அழைத்துவந்து, பாடல்களுக்கு நடுவே பேச்சே இல்லாமல், முழு நாடகம்போல ஒரு நிகழ்ச்சியை வடிவமைத்தார்கள். 2016இல் லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸிலேயே நான்கு இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். வெற்றிப் பாடல்களை மட்டுமே கொண்ட சுற்றுப்பயணம் என்று ஒன்றை இவர்கள் தொடங்கியது 2022இல். அதற்குள் தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டுகளை நெருங்கியிருந்தார்கள். அத்தனை காலமும் ஒவ்வொரு மேடையிலும் கிறிஸ் லோ செய்ததைப் பாருங்கள்: தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, விசைப்பலகைக்குப் பின்னால், முகத்தில் சிறு அசைவும் இல்லாமல் நிற்பார். அவர் எதுவுமே செய்யவில்லை என்று தொடக்கத்தில் குறைசொன்னவர்கள் உண்டு. அரங்கம் முழுவதும் துள்ளிக்கொண்டிருக்கும்போது அந்தத் துள்ளலை உண்டாக்கியவர் மட்டும் அசையாமல் நிற்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது; அறுபதைக் கடந்த வயதில் அது இன்னும் கூடியிருக்கிறது.

இரட்டையர்களை உங்கள் அவை நன்கு அறியும். எவர்லி சகோதரர்கள் 1986இல், முதல் ஆண்டிலேயே, உங்களிடம் வந்தார்கள். சைமன் அண்ட் கார்ஃபங்கல் 1990இலும், ஹால் அண்ட் ஓட்ஸ் 2014இலும், யூரித்மிக்ஸ் 2022இலும் சேர்ந்தார்கள். அனைவரும் தகுதியானவர்கள், அவர்களுடைய இசை எனக்கும் நெருக்கமானது. அதே நேரத்தில், இரண்டு பேர் ஒரு பெயரைப் பகிர்ந்துகொள்வது எத்தனை கடினம் என்பதையும் அவர்களின் வாழ்க்கை சொல்கிறது. எவர்லி சகோதரர்கள் 1973இல் மேடையிலேயே பிரிந்து பத்து ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லை. சைமனும் கார்ஃபங்கலும் தங்கள் விற்பனையின் உச்சத்திலேயே, 1970இல் பிரிந்தார்கள். ஹாலும் ஓட்ஸும் 2023இல் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். டென்னன்டும் லோவும் 1981 ஆகஸ்ட் மாதத்தில், லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுக் கருவிக் கடையில் தற்செயலாகச் சந்தித்துப் பேசத் தொடங்கியவர்கள். ஒருவர் அப்போது பதிப்பகத்தில் பணியாற்றியவர், மற்றவர் கட்டடக்கலை மாணவர். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை. பாடல்களின் கீழே இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஒருவர் தனியே போய்த் தம் பெயரில் புகழ் தேட முயன்றதில்லை. பணமும் புகழும் கொட்டும்போது சேர்ந்திருப்பதைவிட, அவை குறைந்தபின் சேர்ந்திருப்பது கடினமானது; இவர்கள் அந்தக் கடினமான பகுதியைத்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்.

இயந்திர இசை உங்கள் அவைக்குப் புறம்பானது என்ற வாதமும் இனி செல்லாது. 2020இல் டெப்பெஷ் மோடையும், 2021இல் கிராஃப்ட்வெர்க்கையும், 2022இல் டுரன் டுரனையும் நீங்களே வரவேற்றீர்கள். தாக்கம் என்பதை முதன்மை அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். 2009இல் பிரிட் விருதுக் குழு இவர்களுக்கு இசைக்கான தலைசிறந்த பங்களிப்பு விருதை அளித்தபோது, மேடையில் இவர்களோடு சேர்ந்து பாடியவர்கள் லேடி காகாவும் தி கில்லர்ஸ் குழுவின் பிராண்டன் ஃபிளவர்ஸும். இருவருமே அமெரிக்கர்கள், இருவருமே இவர்களின் அமெரிக்க உச்சம் முடிந்தபின் வளர்ந்து ஆளானவர்கள். உங்கள் நாட்டுத் தரவரிசை இவர்களை மறந்துபோன பிறகும் உங்கள் நாட்டுக் கலைஞர்கள் மறக்கவில்லை.

2024இல் இவர்கள் மீண்டும் பார்லோஃபோனுக்குத் திரும்பி, தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டுடன் ‘நன்தலெஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அது பிரிட்டனில் 2ஆம் இடத்தைப் பெற்றது. அந்த ஜூலையில் டென்னன்டுக்கு 70 வயது நிறைந்தது. நீங்கள் அடுத்தமுறை கூடும்போது உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். இவர்களின் பெயர் எழுந்தால், 1986இலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 2024ஆம் ஆண்டுத் தொகுப்பைப் போடுங்கள்; பிறகு 2013; பிறகு 1990. ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாடலைக் கடைசியாக வையுங்கள். இவ்வளவையும் செய்யவிருக்கும் இருவரின் முதல் அடி அது என்பது அப்போது உங்களுக்கே கேட்கும்.

இன்னும் ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டும். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டை நீங்கள் உங்கள் அவையில் சேர்த்தது 1999 மார்ச் 15 அன்று. அதே மாதம் 2ஆம் தேதி அவர் இறந்திருந்தார். அந்த இரவில் அவருடைய இடம் பதின்மூன்று நாள் வித்தியாசத்தில் காலியாக இருந்தது. அவரைத் தேடிப்போய், காத்திருந்து, மீண்டும் பாடவைத்த இந்த இருவரும் இன்று நம்மிடையே நலமாக இருக்கிறார்கள், பாடிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் நேரில் வந்து நிற்கும்படியான ஓர் ஆண்டில் அழையுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
‘பீயிங் போரிங்’ வழியே இவர்களிடம் வந்துசேர்ந்த ஒரு நேயர்